ஜலதோஷம் பாடிய பாட்டு

"கொஞ்சம்கூடவா அடைக்கல?"

"இல்லைங்க."

"ஒரு பக்கமாவது?"

"ரெண்டு பக்கமும் காத்து ஜோரா போகுதுங்க."

"காலைல எழுந்ததும் ஒரு தும்மலாவது போட்டிருப்பீங்களே?"

"போட்டேன். தலகாணி உறை மாத்தும்போது. அது தூசி. சேர்த்தி இல்ல."

போனின் அந்தப் பக்கத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கும் வகையான ஒரு பெருமூச்சு வந்தது. "நம்பிக்கைய விட்டுடாதீங்க சார். ரெக்கார்டிங்குக்கு இன்னும் நாள் இருக்கு. வரும். வராம எங்க போயிடும்? உடம்பப் பாத்துக்காதீங்க. வைக்கறேன்."

பேசியவர் மழை டைரக்டர். அவர் படத்தில் மழையில்லாமல் யாரும் காதலித்ததும் இல்லை, மழையில்லாமல் யாரும் செத்ததும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் தெலுங்குப் படங்களின் இசையமைப்பாளர், பாடகர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ஈரக்குரலோன். ஸ்டுடியோக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மூக்கடைப்பு. வீட்டில் தமிழ், பாட்டில் தெலுங்கு, மூக்கில் ஜலதோஷம் என்று அவர் வாழ்க்கை பல வருடம் ஒழுங்காகத்தான் ஓடியது. மூன்றாவது மட்டும் இப்போது கைவிட்டுவிட்டது.

"என்ன மாமா சொல்றாரு?" என்றான் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த மச்சான். மனைவியின் தம்பி. மேனேஜர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"உடம்பப் பாத்துக்காதேங்கறார்."

"சரியாத்தான் சொல்றார். நேத்து ஃபேன நிறுத்திட்டு, காது வரைக்கும் போத்திக்கிட்டுப் படுத்தீங்களாமே? அக்கா சொல்லுச்சு. செய்யற தொழில் மேல ஒரு பயம் வேணாமா மாமா?"

"குளிருச்சுடா."

"குளிரத்தானே ஏ.சி. வாங்கினோம்?"

இசையமைப்பாளர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். வறண்டு, வெதுவெதுப்பாக, குழந்தையின் மூக்கு போல ஆரோக்கியமாக இருந்தது. சொந்த வீட்டிலேயே ஒரு உறுப்பு தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அவர்கள் இருந்த மாடி அறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் மைக் வைத்த சின்ன அறை. வீடு கட்டியபோது அது பழைய சாமான்கள் போட ஒதுக்கிய இடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வரிசை வரிசையாகப் பொத்தான் வைத்த கன்சோலின் முன்னால், ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"வா வான்னு கூப்பிட்டா சளி வருமா? வேண்டாங்கறப்பதான் வரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு."

 அது பழைய பேச்சு. அந்தப் பேச்சில் அவர் வென்றதே கிடையாது.

அவருக்குப் புகழ் வந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அப்போது அவர் ஊருக்கெல்லாம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். கோரஸ் என்றால் கதாநாயகி தோட்டத்தில் ஓடும்போது பின்னால் எங்கிருந்தோ வரும் 'ஆ...' என்ற சத்தம். அந்த 'ஆ'வில் ஒரு நாள் ஒரு பெரிய இசையமைப்பாளரின் காது சிக்கியது. "இடது பக்கம் நிக்கற பொண்ணு தனியா வந்து பாடிக் காட்டட்டும்" என்று நாள் குறித்தார். அந்த வாரம் பார்த்து அவளுக்கு ஜலதோஷம். போய் நின்றாள்; வாயைத் திறந்தாள்; குரலைத் தவிர எல்லாம் வந்தது. "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்றார் பெரியவர். அந்த அடுத்த தடவை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

ஒற்றை அறை வீட்டில் ஜலதோஷம் வேறு எங்கே போகும்? அவளிடமிருந்து எழுந்து அவரிடம் வந்து உட்கார்ந்தது. அதே வாரம்தான் அவருக்கு முதல் படம். மெட்டைப் பாடி ட்ராக் கொடுக்க வேண்டும். பெரிய பாடகர் வந்து பாடும்வரை, பாட்டு இப்படித்தான் போகும் என்று காட்ட யாராவது பாடி வைக்கும் குரலுக்குத்தான் ட்ராக் என்று பெயர். வீடு கட்டும்போது சாரம் கட்டுவது போல. வீடு எழுந்ததும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். யாரும் சாரத்தில் குடிபோவதில்லை.

இவர் விஷயத்தில் குடிபோய்விட்டார்கள். மூக்கால் முனகி இவர் பாடிக் கொடுத்த ட்ராக்கை வைத்துப் படப்பிடிப்பு நடந்தது, அதை வைத்தே படத்தை வெட்டி ஒட்டினார்கள். அந்தப் படத்தின் டைரக்டர் மாதக்கணக்கில் தினமும் அதையே கேட்டார். கடைசியில் பெரிய பாடகர் வந்து ஒரே மூச்சில், ஒரு பிசிறு இல்லாமல் பாடிவிட்டுப் போனார். டைரக்டர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரியா இருக்கு. அதான் இடிக்குது" என்றார். பழைய செருப்புக்குப் பழகிவிட்ட கால், புதுச் செருப்பை என்ன விலைக்கு வாங்கினாலும் கடிக்கிறது என்றுதான் சொல்லும். பெரிய பாடகரைத் தூக்கிவிட்டு ஜலதோஷத்தையே வைத்துக்கொண்டார்கள்.

பாட்டு பற்றிக்கொண்டது. 'ஒரு தலைமுறையின் கண்ணீர் இந்தக் குரலில் தேங்கி நிற்கிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. தேங்கி நின்றது என்னவோ உண்மைதான், கண்ணீர் அல்ல. டி.வி. பேட்டியில் ஒரு பெண், "இவ்வளவு வலி எங்கிருந்து வருது சார்?" என்று கேட்டாள். அவர் யோசித்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். உண்மையில் இன்னும் கொஞ்சம் மேலே காட்டியிருக்க வேண்டும். கேட்டவள் கண் கலங்கினாள்.

அடுத்த படத்துக்குள் ஜலதோஷம் விட்டுவிட்டது. தன் சொந்தக் குரலில், மலர்ந்த முகத்தோடு பாடினார். தயாரிப்பாளர் கேட்டுவிட்டு, "என்ன சார், மனசே இல்லாம பாடியிருக்கீங்க?" என்றார். அன்றைக்கு அவருக்கு ஒன்று விளங்கியது: இந்தத் துறையில் மனசு மூக்கில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் சுலபமாகத்தான் இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் படுத்தால் போதும். பிறகு ஐஸ் தண்ணீர், பிறகு ஐஸ் க்ரீம், பிறகு ஏ.சி. ஆனால் உடம்பும் கற்றுக்கொள்கிற சாமர்த்தியம் உள்ளதுதானே? அடிக்க அடிக்க அம்மி நகரவில்லை, கெட்டிப்பட்டுவிட்டது. இப்போதெல்லாம் ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்றால் பசிதான் எடுத்தது. மூக்கில் துணி உலர்த்தும் க்ளிப் மாட்டிப் பாடிப் பார்த்தார். வலி வந்தது, குரலில் வரவில்லை, மூக்கில் வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் மச்சான் அழைத்துப் போனான்.

"எல்லாரும் போகணும்னு வருவாங்க. நீங்க வரணும்னு வந்திருக்கீங்க" என்றார் டாக்டர், விளக்கை நெற்றியில் தள்ளிவிட்டுக்கொண்டு. "நான் என்னத்த எழுதிக் குடுக்கறது?"

"பாத்து ஏதாவது செய்ங்க டாக்டர். இதான் எங்க பொழப்பு."

"உங்க மூக்கு மாதிரி ஒரு மூக்க நான் படிக்கிற காலத்துல புத்தகத்துல படமாப் பாத்திருக்கேன். நேர்ல இப்பதான் பாக்கறேன்."

இசையமைப்பாளரின் முகம் செத்துவிட்டது.

"வேற யார்கிட்டயாவது காட்டிப் பாக்கலாம் மாமா" என்று தேற்றினான் மச்சான். "ஒரே டாக்டர் சொல்றத வச்சு மனசத் தளர விடக் கூடாது."

வெளியே வந்தும் அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. காத்திருப்போர் வரிசையில் நன்றாக இருமுகிறவராகப் பார்த்து, "இங்க உக்காரலாங்களா?" என்று கேட்டு ஒட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தார். எதிரே இருந்த ஒரு அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள்.

ஆனால் மாடி அறைக்குத் திரும்புவோம். மச்சான் டைரியைப் புரட்டிக்கொண்டே, "டூயட்டுல பொம்பள போர்ஷனுக்குப் பாடகி மேடம் புதன்கிழமை வர்றாங்க. மத்தியானம். வெந்நீர் மட்டும் ரெடியா இருந்தாப் போதுமாம்" என்றான்.

"வரலேன்னா நான் இருக்கேன்" என்றாள் மனைவி, கன்சோலைப் பார்த்தபடியே.

மச்சான் சிரித்தான். இசையமைப்பாளரும் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து இருவரும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

"வெளையாட்டுக்குச் சொல்லல. அந்தப் பாட்டுக்கு நான்தான் ட்ராக் பாடியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டுமேன்னு தோணுது."

அவர் புகழ் பெற்ற நாளிலிருந்து எல்லாப் பெண் பாட்டுக்கும் அவள்தான் ட்ராக். பெரிய பாடகிகள் வருவார்கள். ஹெட்ஃபோனில் அவள் குரலைக் கேட்பார்கள். எங்கே இழுக்கிறாள், எங்கே விடுகிறாள் என்று வரிக்கு வரி பிடித்துக்கொண்டு அப்படியே பாடிவிட்டுப் போவார்கள். பிறகு அவளே தன் குரலை அழிப்பாள். ஒரு பொத்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தார். அவளைக் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்.

"பெரிய கம்பெனிம்மா. பேர் கேப்பாங்க."

"எனக்குப் பேர் இருக்குல்ல?"

"அப்படி இல்ல. மார்க்கெட்டுன்னு ஒண்ணு இருக்கு. அப்புறம் நாலு பேரு, வீட்டுக்காரம்மாவ நுழைக்கறான்னு..."

"நுழைய வேண்டியதில்ல. உள்ளதான் உக்காந்திருக்கேன்."

"பாக்கலாம்" என்றார் அவர். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்ற வார்த்தை, சுவரில் ஒட்டிய கறுப்புப் பஞ்சு மாதிரி. எந்தச் சத்தம் போய் மோதினாலும் திரும்பி வராது.

அவருக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவர் தனக்குள்கூட உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை. அந்த ட்ராக்கில் அவள் பாடி முடித்ததும் அவர் குரல் வரும். வீடு மாறி உள்ளே நுழைந்துவிட்டு, எப்படி வெளியேறுவது என்று தெரியாமல் நிற்கிற ஆள் மாதிரி இருக்கும்.

புதன்கிழமை மேடம் வந்தாள். கழுத்தைச் சுற்றித் துணி, கையில் வெந்நீர்க் குடுவை, முகம் நிறையச் சிரிப்பு. நல்ல மனுஷி. கண்ணாடிக்குப் பின்னால் நின்று ட்ராக்கைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு? நல்லாப் பாடியிருக்கே. அந்த ரெண்டாவது வரில என்ன பண்ணுது? எனக்குப் பிடிபடவே இல்ல."

இசையமைப்பாளர் மேல்கூரையைப் பார்த்தார். மனைவி டாக்பேக் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பொத்தானை அழுத்திப் பேசினால் உள்ளே இருப்பவரின் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்.

"மூச்ச வார்த்தைக்கு முன்னாடியே விட்டுடுங்க மேடம். காலியான நெஞ்சோட அந்த வார்த்தையத் தொடுங்க."

மேடம் அப்படியே செய்தாள். வந்தது. கண்ணாடி வழியாக வியப்போடு பார்த்தாள். "அட, உங்களுக்கும் சங்கீதம் தெரியுமா?"

"ஏதோ கேள்வி ஞானம்."

சாயங்காலம் மழை டைரக்டர் வந்தார். சோபாவில் மச்சானைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

 அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி இசையமைப்பாளருக்குத் தெரியும். அவர் வாழ்க்கையே அதில்தான் தொடங்கியது.

"அதான் இடிக்குது" என்றார் டைரக்டர். "ட்ராக்ல ஒரு குரல் இருந்துச்சே. கார்ல கேக்கறேன், எடிட்டிங்ல கேக்கறேன், பாத்ரூம்ல கேக்கறேன். எம் பொண்டாட்டியே, 'யாரு அவ'ன்னு கேக்கற அளவுக்குக் கேக்கறேன். யாரு சார் அது?"

கன்சோலின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த மனைவியின் விரல் நின்றது. மச்சான் செருப்பைக் குனிந்து பார்த்தான்.  

"அது... ட்ராக் பாடற ஒரு பொண்ணுங்க" என்றார் இசையமைப்பாளர்.

"வரச் சொல்லுங்களேன். பாக்கலாம்."

"வெளியூர்ல இருக்கு."

"பேரு?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

மனைவியின் விரல் மீண்டும் நகர்ந்து, மேடத்தின் குரலை அரை நூல் கூட்டிவைத்தது. டைரக்டர் எழுந்தார்.

"சரி. உங்க போர்ஷன் முடியட்டும். ரெண்டு குரலையும் மாத்தி மாத்திப் போட்டுக் கேப்போம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் உங்க காத நம்பறேன். மூக்கத்தான் நம்ப முடியல."

அவர் கார் கிளம்பும் சத்தம் அடங்கியது.

"வெளியூர்னா எந்த ஊரு?" என்றாள் மனைவி.

"ஏதோ வாய் தவறி வந்துடுச்சும்மா."

"இல்ல, தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன். நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"பக்கத்து ஊரா இருந்தா பஸ்லயே வந்துடலாம்க்கா" என்றான் மச்சான். அவள் தம்பிக்காக ஒரு சிரிப்புச் சிரித்தாள். புருஷனுக்கென்று அதில் ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மழைக் காட்சி. "ஸ்பாட்டுக்கு வாங்க சார். ரெண்டு டேங்கர் தண்ணி வச்சிருக்கேன். அதுல வராத ஜலதோஷம் வேற எதுல வரும்?" என்று டைரக்டர் அழைத்திருந்தார். இசையமைப்பாளர் மெல்லிசாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவி துண்டும் குடையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தாள்.

காலை வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த தெருவில், குழாய்களிலிருந்து மழை கொட்டியது. கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றி நனைந்தார்கள். கேமராவுக்கு அப்பால், எட்டின தண்ணீரில் இசையமைப்பாளரும் முகத்தை நிமிர்த்தி நின்றார். மச்சான் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளிருந்து கட்டை விரலை உயர்த்தி உற்சாகப்படுத்தினான்.

பாட்டைப் போட்டார்கள். மேடம் பாடியது இன்னும் இங்கே வந்து சேரவில்லை, பழைய ட்ராக்தான். ஆள் உயரப் பெட்டிகளிலிருந்து மனைவியின் குரல் தெருவை நிறைத்தது. கதாநாயகி அதற்கு உதட்டை அசைத்தாள். விளக்குப் பிடித்திருந்தவர் தன்னையறியாமல் கூடவே முணுமுணுத்தார். மாடியில் பால்கனிக்கு வந்த ஒரு பெண், துணி காயப்போட மறந்து கொடியைப் பிடித்தபடி நின்றாள்.

இசையமைப்பாளர் தற்செயலாகத் திரும்பினார். தெருவின் எதிர்ப்பக்கம் மனைவி குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். மடக்கித் தரையில் ஊன்றி, மழைக்குள் ஒரு அடி எடுத்துவைத்து, நின்றாள். இவ்வளவு பெரிதாக அவள் தன் குரலை இதுவரை கேட்டதே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பஞ்சு ஒட்டிய அறைக்குள், இரண்டு காதுக்கு நடுவில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். துண்டு அவள் தோளிலேயே நனைந்து கனத்தது. பாட்டு முடிந்து, டைரக்டர் "ஒன் மோர்" என்றார். அவள் நகரவில்லை. அடுத்த தடவையும் கேட்டாள்.

மறுநாள் கதாநாயகனுக்கு ஜலதோஷம். கதாநாயகிக்கு ஜலதோஷம். கேமராமேன், விளக்குக்காரர், டேங்கர் லாரி டிரைவர், எல்லாருக்கும் ஜலதோஷம். ஸ்பாட்டுக்கே வராத தயாரிப்பாளருக்கும் செலவைக் கேட்டு மூக்கு அடைத்தது. இசையமைப்பாளர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். நல்ல தண்ணீரில் குளித்ததால் முகம் மினுமினுத்தது.

"நச்" என்று சமையலறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

மச்சான் துள்ளி எழுந்தான். "மாமா, வீட்டுக்கே வந்துடுச்சு! அக்கா, அங்கேயே நில்லு. இங்க வா. மாமா மேல நேரா தும்மு. சும்மா பக்கவாட்டுல தும்மி வீணாக்காத."

மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அடுத்ததைத் தும்மினாள்.

"ஏம்மா, இந்த ஒரு தடவை" என்றார் அவர், கும்பிடாத குறையாக.

"ஒரு தடவை குடுத்தது போதாதா?"

"இதெல்லாமா கணக்குப் பாப்பே?"

"அப்பவும் நான் குடுக்கல. நீங்களா எடுத்துக்கிட்டீங்க."

அவர் இப்போதும் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் குடித்து வைத்த டம்ளரில் குடித்தார். அவள் முகம் துடைத்த துண்டில் முகம் புதைத்தார். அவள் ஆவி பிடித்துவிட்டு எழுந்ததும் அதே போர்வைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவளைச் சுற்றி இப்படிச் சுற்றியதில்லை என்று மச்சான் சொன்னான்.  அவள் டம்ளரைக் கழுவி வைக்காமல் விட்டிருந்தாள். அதை அவர் கவனித்தார், ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

ரெக்கார்டிங் நாளன்று காலையில் வாய் திறந்தபடி கண் விழித்தார். ஒரு பக்கம் மூச்சிழுத்தார், போகவில்லை. மறுபக்கம் இழுத்தார், அங்கும் கதவு சாத்தியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீரா, ஜலதோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டைரக்டரை போனில் கூப்பிட்டார். "வந்துடுச்சுங்க."

"சார்! இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். எங்க, 'மழை'ன்னு ஒரு தடவை சொல்லுங்க."

"பழை."

அந்தப் பக்கம் பலர் கைதட்டுவது கேட்டது. "இப்பவே கெளம்பி வர்றேன். அதுக்குள்ள மூக்க சிந்திடாதீங்க."

அவர் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார். மனைவி கன்சோலில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் மூக்கும் சிவந்திருந்தது. அவள் கையசைத்ததும் பாடினார். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக மூக்கடைத்து அவர் பாடியதில்லை. முதல் தடவையிலேயே அமைந்துவிட்டது. மச்சான் சோபாவிலிருந்து எழுந்து நின்று தலைக்கு மேல் கைகூப்பினான்.

"போட்டுக் காட்டறேன்" என்று அவள் சைகை செய்தாள். ஹெட்ஃபோனில் முதலில் மேடம் குரலோடு பாட்டு வந்தது. நன்றாக இருந்தது. ஒரு அழகான பெண்ணும், ஜலதோஷம் பிடித்த ஒரு ஆளும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவளுடைய ட்ராக்கோடு வந்தது.

ரசிகர்கள் கேட்டால் என்ன கேட்பார்களோ, அவருக்குக் கேட்டது இதுதான்: ஒரு வீட்டில் ஜன்னலை விரியத் திறந்துவைத்து ஒருத்தி கூப்பிடுகிறாள். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் உள்ளேயே முனகுகிறான். அவன் முனகலில் இருந்த வலிக்கு இத்தனை வருடம் அவர் காரணம் தேடி நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் குரல் பக்கத்தில் வந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கூப்பிடுகிறவளுக்குப் பதில் சொல்ல முடியாத ஆளின் வலி அது. டைரக்டருக்கு இடித்தது எது என்பதும் தெரிந்துவிட்டது. பாட்டு முழுசாகியிருந்தது; இவர்தான் அதில் பாதியாகிப்போயிருந்தார். ஈரக்குரலோன் இல்லை. வெறும் மூக்கடைப்பு. ஊரே கேட்கும். கேட்ட பிறகு அடுத்த படத்தில் எந்தக் குரலை அழிக்கச் சொல்வார்களோ.

கீழே அழைப்பு மணி அடித்தது.

"டைரக்டர்தான். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று மச்சான் படிக்கட்டில் இறங்கி ஓடினான்.

மனைவி கன்சோலில் கையை நீட்டினாள். அழிக்கும் பொத்தான் பக்கம் போகிற கைதான் என்று அவர் நினைத்தார். அது டாக்பேக் பொத்தானில் நின்றது. அவருடைய மைக்கின் சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. இங்கே எதைச் சொன்னாலும் பதிவாகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

காதுக்குள் ஒரு சின்னக் கிளிக். பிறகு அவள் குரல். அடைத்து, கரகரத்து, ஈரமாக வந்தது. பத்திரிகைகள் ஒரு தலைமுறையின் கண்ணீர் என்று எழுதிய அதே குரல். அதன் முதல் சொந்தக்காரி பேசினாள்.

"ரெண்டு குரலும் இருக்கு. எதையும் அழிக்கல."

படிக்கட்டில் செருப்புச் சத்தமும், "எங்க சார் எங்க, மொதல்ல அவர் மூக்கப் பாக்கணும்" என்ற டைரக்டரின் சிரிப்பும் ஏறி வந்தன.

"வெளியூர்ல இருந்து அந்தப் பொண்ணு வந்துட்டா" என்றாள் அவள். "அவ யாருன்னு அவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்களேன்."